கேம் விளையாட எந்த மானிட்டர் வாங்குவது?

கேள்வி சுருக்கமாக இது. பல வருடங்களாக ஒரு பழைய 24 அங்குல, 1080பி, 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டரில் விளையாடி வந்திருக்கிறீர்கள். இப்போது நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டு போட்ட புதுக் கணினி வந்திருக்கிறது. நண்பர்களோடு ஆன்லைனில் துப்பாக்கிச் சண்டை கேம்கள், தனியாக இருக்கும்போது கதை சார்ந்த பெரிய கேம்கள். பட்டியலைத் திறந்தால் எல்லா மானிட்டரும் 1 மில்லி செகண்ட், எல்லாமே எச்டிஆர், எல்லாமே கேமிங். இதில் எது சிறந்தது?

ஒரே வரியில் பதில் வேண்டும் என்றால்: 27 அங்குலம், 1440பி, ஐபிஎஸ் வகைப் பேனல் (அதாவது திரைப் பலகை), 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல். நீங்கள் சொன்ன நிலைமைக்கு இது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் இதே நான்கு விவரங்களும் எழுதிய இரண்டு மானிட்டர்களில் ஒன்று அருமையாகவும் இன்னொன்று எரிச்சலூட்டுவதாகவும் இருக்கலாம். அந்த வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் நல்லதை எடுக்க முடியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மானிட்டரைப் பார்ப்பதற்கு முன் கணினியைப் பாருங்கள். திரையில் தெரியும் ஒவ்வொரு படத்தையும் கிராஃபிக்ஸ் கார்டுதான் வரைந்து அனுப்புகிறது. மானிட்டர் அதை வாங்கிக் காட்டுகிறது. கார்டு நொடிக்கு 70 படங்கள்தான் வரைகிறது என்றால் 240 ஹெர்ட்ஸ் திரையை வைத்தாலும் புதிதாகத் தெரிவது 70 படங்கள்தான். கார்டின் சுமையைப் பெரும்பாலும் பிக்சல் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. 1080பி திரையில், அதாவது 1920க்கு 1080 என்ற அளவில், ஒரு படத்துக்கு 20.7 லட்சம் பிக்சல்கள். 1440பி என்றால் 36.9 லட்சம். 4கே என்றால் 82.9 லட்சம். 1080பி-யிலிருந்து 1440பி-க்குப் போனால் 1.78 மடங்கு, 4கே-க்குப் போனால் சரியாக நான்கு மடங்கு. ஃப்ரேம் எண்ணிக்கை, அதாவது கார்டு நொடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கை, அதே விகிதத்தில் விழுந்துவிடாது, ஏனென்றால் ப்ராசஸர் செய்யும் வேலை ரெசல்யூஷனைப் பொறுத்து அவ்வளவாக மாறுவதில்லை. ஆனாலும் கணிசமாக விழும்.

இதை யூகிக்கத் தேவையில்லை, வாங்குவதற்கு முன்பே அளந்து பார்க்கலாம். என்விடியா கார்டு என்றால் அதன் கண்ட்ரோல் பேனலில் டிஎஸ்ஆர் என்று ஒரு வசதி இருக்கும். ஏஎம்டி கார்டில் அதே வேலையைச் செய்வதற்குப் பெயர் விர்ச்சுவல் சூப்பர் ரெசல்யூஷன். இதை இயக்கினால் உங்கள் பழைய 1080பி மானிட்டரிலேயே கேம் 1440பி-யில் வரையப்பட்டு, பிறகு சுருக்கிக் காட்டப்படும். டிஎஸ்ஆர் பட்டியலில் 1.78 மடங்கு என்று இருப்பதுதான் 1440பி. வி-சிங்க்கை (ஃப்ரேமை மானிட்டரின் வேகத்துக்குக் கட்டிப்போடும் அமைப்பை) அணைத்துவிட்டு, ஃப்ரேம் எண்ணிக்கையைத் திரையில் காட்டச் செய்து, நீங்கள் அடிக்கடி விளையாடும் மூன்று கேம்களை அரை மணி நேரம் ஓட்டுங்கள். சராசரியை மட்டும் பார்க்க வேண்டாம். சண்டை உச்சத்தில் இருக்கும்போது எண் எவ்வளவு கீழே போகிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புதான் மானிட்டர் தேடும்போது உங்கள் கையில் இருக்க வேண்டிய முதல் காகிதம்.

ஆன்லைன் சண்டை கேம்கள் பெரும்பாலும் கார்டை அதிகம் வருத்தாமல் ஓடும்படி எழுதப்பட்டவை. அவற்றில் 1440பி-யிலும் 150, 200 ஃப்ரேம் எளிதாகக் கிடைக்கலாம். கதை கேம்களில் அதே கார்டு 60, 70 என்று மூச்சு வாங்கும். அங்கே டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற அப்ஸ்கேலிங் முறைகள் கைகொடுக்கின்றன. 4கே திரையில் டிஎல்எஸ்எஸ்-ஐ 'குவாலிட்டி' நிலையில் வைத்தால் கார்டு உண்மையில் வரைவது 1440பி படத்தைத்தான்; 'பெர்ஃபார்மன்ஸ்' நிலையில் வெறும் 1080பி. மீதியை மென்பொருள் நிரப்புகிறது. திரையில் பிக்சல் அதிகம் இருந்தால் இந்த முறை இன்னும் அழகாக வேலை செய்யும். அதனால்தான் நடுத்தர கார்டுக்கும் 1440பி-யைத் தயங்காமல் சொல்கிறேன். மானிட்டர் பொதுவாக இரண்டு கார்டுகளின் காலம் வரை மேசையில் இருக்கும் என்பதும் இன்னொரு காரணம்.

அடுத்தது ரிஃப்ரெஷ் ரேட், அதாவது அந்த ஹெர்ட்ஸ் எண். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் திரையில் 16.7 மில்லி செகண்ட் நிற்கிறது. 144-இல் 6.9 மில்லி செகண்ட். 240-இல் 4.2. 360-இல் 2.8. இந்த எண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 60-இலிருந்து 144-க்குப் போனால் கிட்டத்தட்ட 10 மில்லி செகண்ட் மிச்சம். 144-இலிருந்து 240-க்கு 3-க்கும் குறைவு. 240-இலிருந்து 360-க்கு 1.4 மட்டுமே. உங்களுக்குக் காத்திருப்பது அந்த முதல் தாவல். மவுஸை நகர்த்திய முதல் நொடியிலேயே தெரியும், கேமைக்கூடத் திறக்க வேண்டாம். 144-க்கும் 165-க்கும் 180-க்கும் நடுவே இருப்பதைக் கண்ணால் பிரித்துச் சொல்வது கடினம். அந்தச் சின்ன வித்தியாசத்துக்காக ஒரு நல்ல பேனலைக் கைவிட்டுவிடாதீர்கள். போட்டிகளில் விளையாடுகிறவர்கள் மட்டும் 240, 360 என்று தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. அவர்கள் பெரும்பாலும் 24, 25 அங்குல 1080பி திரையில்தான் விளையாடுகிறார்கள், படத் தரத்தைக் குறைத்து ஃப்ரேமைக் கூட்டிக்கொள்கிறார்கள். அது வேறு தேவை.

அதிக ஹெர்ட்ஸால் வரும் நன்மை வேகம் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தெளிவும் கூடுகிறது. நகரும் பொருளை நம் கண் வழுக்கிக்கொண்டே பின்தொடர்கிறது. மானிட்டரோ ஒரு படத்தை அசையாமல் பிடித்து வைத்து, திடீரென்று அடுத்ததுக்கு மாறுகிறது. கண் நகர, படம் நிற்க, விழித்திரையில் அது இழுபட்டு மங்கலாகப் பதிகிறது. நொடிக்கு 960 பிக்சல் வேகத்தில் ஓடும் ஒருவன் 60 ஹெர்ட்ஸில் 16 பிக்சல் அகலத்துக்கு இழுபடுவான். 120-இல் 8 பிக்சல், 240-இல் 4 பிக்சல். பேனல் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் இந்த மங்கல் இருக்கும், கேமும் அத்தனை ஃப்ரேம் கொடுத்தால்தான் குறையும்.

இப்போது அந்த 1 மில்லி செகண்ட். இந்த இடத்தில்தான் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் நின்று பேச வேண்டும். எல்சிடி திரையில் ஒவ்வொரு பிக்சலிலும் இருக்கும் திரவப் படிக மூலக்கூறுகள் திரும்பினால்தான் நிறம் மாறும். ஒரு சாம்பல் நிலையிலிருந்து இன்னொரு சாம்பல் நிலைக்கு மாற எடுக்கும் நேரம்தான் ரெஸ்பான்ஸ் டைம். எந்தச் சாம்பலிலிருந்து எந்தச் சாம்பலுக்கு என்பதைப் பொறுத்து இது பல மடங்கு மாறும். பெட்டியில் அச்சிடுவது அவற்றில் மிக வேகமான ஒன்றை. அதுவும் ஓவர்டிரைவ் என்ற வசதியை உச்சத்தில் வைத்து அளந்தது. ஓவர்டிரைவ் என்பது மூலக்கூறுகளை வேகமாகத் திருப்ப மின்னழுத்தத்தைக் கொஞ்சம் அதிகமாகக் கொடுப்பது. அளவோடு கொடுத்தால் நல்லது. உச்சத்தில் கொடுத்தால் பிக்சல் சேர வேண்டிய நிறத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். ஓடுகிற உருவத்துக்குப் பின்னால் கறுப்பு நிழலுக்குப் பதில் வெளிறிய ஒளிவட்டம் தெரியும். கோஸ்டிங் என்னும் அந்தக் கறுப்பு நிழலைவிட இது கண்ணை உறுத்தும். அதாவது 1 மில்லி செகண்ட் கிடைக்கும் அதே நிலையில் அந்த மானிட்டரில் விளையாடவே முடியாது. பெரும்பாலான மானிட்டர்களில் ஓவர்டிரைவை நடுநிலையில் வைப்பதுதான் சரி.

கணக்கு எளிது. 144 ஹெர்ட்ஸில் அடுத்த படம் வர 6.9 மில்லி செகண்ட்தான் இருக்கிறது. அதற்குள் பிக்சல் மாறி முடிக்க வேண்டும். சராசரியாக 5, 6 மில்லி செகண்டில் முடிக்கும் பேனல் என்றால் போதும். 12 எடுத்தால் முந்தைய படம் அழிவதற்குள் புதியது வந்து மேலே ஏறிவிடும். 144 ஹெர்ட்ஸுக்குக் கொடுத்த பணம் பாதி வீண். இதைப் பெட்டி சொல்லாது. கருவி வைத்து அளந்து வெளியிடும் சுயாதீன விமர்சனங்களில் எல்லா நிற மாற்றங்களின் சராசரியும் ஓவர்டிரைவின் ஒவ்வொரு நிலையிலும் எவ்வளவு என்று இருக்கும். வாங்கப்போகும் மாடலின் பெயரோடு அதைத் தேடிப் படியுங்கள். அரை மணி நேர வேலைதான்.

பட்டியலில் '1 மில்லி செகண்ட் எம்பிஆர்டி' என்று இருந்தால் அது வேறு சங்கதி. ஒவ்வொரு படத்துக்கும் பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கை, சிமிட்டி, மேலே சொன்ன இழுபடும் மங்கலைக் குறைக்கும் முறை அது. தெளிவு நிஜமாகவே கூடும். ஆனால் திரை மங்கும், சிலருக்குத் தலைவலி வரும், பெரும்பாலான மானிட்டர்களில் அடுத்து நான் சொல்லப்போகும் விஆர்ஆர் வசதியோடு சேர்ந்து இயங்காது. இன்னொன்று இன்புட் லேக். மவுஸைத் தட்டியதற்கும் திரையில் தெரிவதற்கும் இடையில் மானிட்டர் தன் பங்குக்குச் சேர்க்கும் தாமதம். ரெஸ்பான்ஸ் டைமோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். இன்றைய கேமிங் மானிட்டர்களில் இது பொதுவாகப் பிரச்சினை இல்லை. பழைய டிவிகளில்தான் பெரிய பிரச்சினை.

விஆர்ஆர், அதாவது மாறும் ரிஃப்ரெஷ் ரேட், இல்லாத மானிட்டரை இனி வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கார்டு ஒரு படத்தை முடிக்கும் நேரமும் மானிட்டர் புதுப்பிக்கும் நேரமும் ஒத்துப்போகாவிட்டால் திரையின் மேல் பாதியில் ஒரு படமும் கீழ்ப் பாதியில் அடுத்ததும் தெரியும். அதைத்தான் டியரிங் என்கிறோம். வி-சிங்க் போட்டால் கிழிசல் போகும், ஆனால் தாமதமும் திக்கலும் வரும். இதற்குத் தீர்வாக, கார்டு படத்தை முடிக்கும் நேரத்துக்கு ஏற்ப மானிட்டர் புதுப்பிக்கும் ஜி-சிங்க்கை 2013-இல் என்விடியா அறிவித்தது. மானிட்டருக்குள் தனியாக ஒரு பலகையைப் பொருத்த வேண்டியிருந்ததால் விலை ஏறியது. 2014-இல், திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு, அதே வேலையைச் செய்யும் அடாப்டிவ்-சிங்க்கை டிஸ்ப்ளேபோர்ட் என்ற கேபிள் இணைப்பின் தரத்தில் சேர்த்தது. அதன் மேல் அமைந்த ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் மானிட்டர்கள் 2015-இல் வந்தன. 2019 ஜனவரியில் என்விடியாவும் தன் கார்டுகளை அடாப்டிவ்-சிங்க் மானிட்டர்களோடு வேலை செய்ய அனுமதித்தது. அதனால் 'என் கார்டு என்விடியா, மானிட்டர் ஃப்ரீசிங்க், சரிப்படுமா' என்ற பழைய கவலை இப்போது வேண்டாம்.

கவனிக்க வேண்டியது விஆர்ஆர் வேலை செய்யும் எல்லை. 48 முதல் 144 வரை என்று இருந்தால் நல்லது. ஃப்ரேம் 40-க்கு விழுந்தாலும் மானிட்டர் ஒவ்வொரு படத்தையும் இருமுறை காட்டி 80 ஹெர்ட்ஸில் சமாளித்துக்கொள்ளும். மேல் எல்லை கீழ் எல்லையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால்தான் இது நடக்கும். 48 முதல் 75 வரை மட்டும் உள்ள மலிவான மானிட்டர்களில், சரியாக உதவி தேவைப்படும் நேரத்தில் வசதி கைவிட்டுவிடும். விஏ, ஓஎல்இடி என்ற வகைத் திரைகளில் (இவற்றைப் பற்றி அடுத்துச் சொல்கிறேன்) ஃப்ரேம் ஏறி இறங்கும்போது இருண்ட காட்சிகளில் வெளிச்சம் லேசாகத் துடிப்பதும் உண்டு. லோடிங் திரைகளில் அதிகம் தெரியும். சிலர் கண்டுகொள்வதில்லை, சிலரால் தாங்க முடிவதில்லை.

பேனல் வகையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்பது விளையாடும் அறையைப் பற்றி. பகலில் ஜன்னல் வெளிச்சத்தில் விளையாடுவீர்களா, இரவில் விளக்கை அணைத்துவிட்டா? ஐபிஎஸ் பேனலின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், பொதுவாக ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். வெளிச்சமான அறையில் குறை தெரியாது. இருட்டறையில் குகைக் காட்சி வந்தால் கறுப்பு, சாம்பலாகத் தெரியும். மூலைகளில் ஒரு மங்கலான ஒளியும் தெரியும். ஆனால் நிறமும் பக்கவாட்டுப் பார்வையும் வேகமும் மூன்றும் ஒருசேர நன்றாக இருப்பதால் கலந்துகட்டி விளையாடுகிறவர்களுக்கு இதுவே பாதுகாப்பான தேர்வு. விஏ பேனலில் கான்ட்ராஸ்ட் மூவாயிரத்துக்கு ஒன்று, அதற்கு மேலும் போகும். இரவுக் காட்சிகள் நிஜமாகவே இருட்டாக இருக்கும். அதன் பலவீனமும் அதே இருட்டில்தான் இருக்கிறது: கறுப்பிலிருந்து அடர் சாம்பலுக்கு மாற அதன் பிக்சல்கள் தடுமாறும். இருண்ட காட்சியில் கேமராவைத் திருப்பினால் மை சிந்தியது போல ஒரு கறை பின்னால் இழுபடும். எல்லா விஏ-யும் அப்படியில்லை, விலை உயர்ந்த சில மாடல்கள் இதைச் சரிசெய்துவிட்டன. மலிவான விஏ-யை மட்டும் துப்பாக்கிச் சண்டைக்கு எடுக்காதீர்கள். டிஎன் என்ற பழைய வகைப் பேனலின் காலம் போட்டியாளர்களுக்கு வெளியே முடிந்துவிட்டது.

ஓஎல்இடி-யில் பேக்லைட்டே கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்ந்து தானே அணைகிறது. கறுப்பு என்றால் அணைந்த கறுப்பு. நிறம் மாறும் நேரம் ஒரு மில்லி செகண்டில் சிறு பகுதிதான், ஓவர்டிரைவ் பஞ்சாயத்தே இல்லை. 240 ஹெர்ட்ஸ் ஓஎல்இடி-யில் ஓடும் எதிரியின் தெளிவு அதே 240 ஹெர்ட்ஸ் எல்சிடி-யில் வராது. இருண்ட அறையில் ஒரு கதை கேமை முதன்முறை ஓஎல்இடி-யில் பார்த்தபோது, பல மணி நேரம் விளையாடிய அதே இடத்தைப் புதிதாக வந்து சேர்ந்ததைப் போல நின்று பார்த்தேன். கையில் பணம் இருந்தால் நான் கைகாட்டுவது இதைத்தான்.

அதற்கு முன் மூன்று விஷயங்களை யோசியுங்கள். ஒன்று பர்ன்-இன். நாள் முழுக்க அதே மானிட்டரில் அலுவலக வேலையும் செய்து, கீழே டாஸ்க்பாரும் மேலே பிரவுசர் பட்டையும் நகராமல் நின்றுகொண்டிருந்தால், காலப்போக்கில் அந்த இடத்தில் நிழல் பதிய வாய்ப்புண்டு. பர்ன்-இன்னையும் சேர்த்து மூன்று வருட உத்தரவாதம் தரும் மாடல்கள் இருக்கின்றன. உத்தரவாதத்தில் அந்தச் சொல் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, எழுத்துத் தெளிவு. துணைப் பிக்சல்களின் அமைப்பு வழக்கமான எல்சிடி போல இல்லாததால் சில ஓஎல்இடி திரைகளில் எழுத்தின் விளிம்பில் மெல்லிய நிறக்கோடு தெரியும். மூன்று, வெளிச்சம். முழுத் திரையும் வெள்ளையாக இருக்கும்போது பல ஓஎல்இடி மானிட்டர்கள் 250 நிட் (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அலகு) அளவோடு நின்றுவிடும். அறையில் வெளிச்சம் அதிகம் இருந்தால் கியூடி-ஓஎல்இடி வகையில் கறுப்பு கொஞ்சம் வெளிறி ஊதா சாயலும் காட்டும். காசு கொடுத்து வாங்கிய கறுப்பு பகலில் கிடைக்காது.

எச்டிஆர், அதாவது வெளிச்சமும் இருட்டும் ஒரே படத்தில் கூடுதல் வீச்சோடு தெரியும் முறை, என்ற முத்திரையைப் பார்த்து மயங்க வேண்டாம். வெசா 2017 டிசம்பரில் டிஸ்ப்ளேஎச்டிஆர் தரங்களைக் கொண்டுவந்தபோது, 400 என்ற கீழ்த் தரத்துக்குத் திரையைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் லோக்கல் டிம்மிங் கட்டாயமாக இருக்கவில்லை. அப்படிப்பட்ட திரையில் எச்டிஆரை இயக்கினால் நிலா பிரகாசிக்கும்போது ராத்திரியும் சேர்ந்து வெளுக்கும். பல நேரம் எச்டிஆர் இல்லாமலே படம் நன்றாக இருக்கும். உண்மையான எச்டிஆருக்கு வழி இரண்டுதான்: ஓஎல்இடி, அல்லது மினி-எல்இடி பேக்லைட். மினி-எல்இடி-யில் நூற்றுக்கணக்கான, சில மாடல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளக்குப் பகுதிகள் தனித்தனியாக இயங்கும். அப்போதும் 1152 பகுதிகள் உள்ள ஒரு 4கே திரையில் ஒரு பகுதிக்கு மேல் 7200 பிக்சல்கள் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் இருளில் ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி மெல்லிய ஒளி படர்கிறது. வெளிச்சமான அறையில் எச்டிஆர் வேண்டும் என்பவர்களுக்கு இதுவே ஓஎல்இடி-யைவிட நல்லது. நடுத்தரச் செலவில் வாங்குகிறவர்கள் எச்டிஆரைக் கணக்கிலேயே எடுக்காமல் மற்றதைப் பாருங்கள்.

அளவு விஷயத்தில் பிக்சல் அடர்த்திதான் கணக்கு. 24 அங்குலத்தில் 1080பி என்றால் அங்குலத்துக்கு 92 பிக்சல். அதே 1080பி-யை 27 அங்குலத்துக்கு இழுத்தால் 82. எழுத்தில் படிக்கட்டு தெரியும், நான் பரிந்துரைக்க மாட்டேன். 27-இல் 1440பி என்றால் 109, இது நல்ல சமநிலை. 32-இல் 1440பி மறுபடி 92-க்கு வந்துவிடும். 32-இல் 4கே என்றால் 138, கண்ணுக்கு விருந்து, கார்டுக்குப் பாரம். 1440பி திரையில் கேமை 1080பி-யில் ஓட்டினால் பிக்சல்கள் சரியாக வகுபடாமல் கொஞ்சம் மங்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வளைவு பெரும்பாலும் விருப்பம். 1000ஆர், 1800ஆர் என்பது வளைவின் ஆரம் மில்லி மீட்டரில்; எண் குறைந்தால் வளைவு அதிகம். 27 அங்குலத்துக்கு அது தேவையில்லை, 34 அங்குல அகலத்திரைக்கு உதவும். 3440க்கு 1440 அளவுள்ள அகலத்திரை கார் பந்தயத்துக்கும் விமானம் ஓட்டுவதற்கும் கதை கேமுக்கும் அற்புதம். ஆனால் சில போட்டி கேம்கள் ஓரங்களில் கறுப்புப் பட்டைதான் காட்டும்.

கேபிள் துளைகளையும் பாருங்கள். எச்டிஎம்ஐ 2.0 நொடிக்கு 18 ஜிகாபிட் கடத்தும், 4கே என்றால் 60 ஹெர்ட்ஸோடு சரி. எச்டிஎம்ஐ 2.1 அதிகபட்சம் 48 ஜிகாபிட் வரை போகும், 4கே 120-ஐத் தாங்கும். சிக்கல் என்னவென்றால் 2.1 என்ற பெயரைப் போட அதன் எல்லா வசதிகளும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் பதிப்பு எண்ணைக் கேட்காமல், 'இந்தத் துளையில் எந்த ரெசல்யூஷனுக்கு எத்தனை ஹெர்ட்ஸ் வரும்' என்று கேளுங்கள். கணினிக்கு டிஸ்ப்ளேபோர்ட் 1.4 இருந்தால் 1440பி-யில் 144, 165 எல்லாம் தாராளமாக ஓடும். பின்னாளில் பிளேஸ்டேஷன் 5-ஐ இணைக்கும் எண்ணம் இருந்தால், அது 2022 செப்டம்பர் முதல் 1440பி-யை ஏற்கிறது, ஆனால் அதன் விஆர்ஆருக்கு எச்டிஎம்ஐ 2.1 வகை விஆர்ஆர் உள்ள மானிட்டர் வேண்டும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் எச்டிஎம்ஐ வழி ஃப்ரீசிங்க்கையும் ஏற்கும்.

ஸ்டாண்ட் உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள், திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்தில் இருக்க வேண்டும். முடியாவிட்டால் பின்பக்கம் 100 மில்லி மீட்டர் வெசா துளைகளாவது இருக்கட்டும், மானிட்டரைத் தாங்கும் கை ஒன்றைத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் ஸ்பீக்கரையும் பின்னால் எரியும் வண்ண விளக்குகளையும் பொருட்படுத்த வேண்டாம்.

சரி, மானிட்டர் வந்துவிட்டது. முதல் வேலை, கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டின் துளையில் செருகுவது. மதர்போர்டின் துளையில் செருகிவிட்டு, கேம் ஏன் திணறுகிறது என்று தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, விண்டோஸில் டிஸ்ப்ளே அமைப்பின் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் ரிஃப்ரெஷ் ரேட்டை மாற்றுவது. பல சமயம் அது தானாக 60-இலேயே நின்றுவிடும். நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் எட்டு மாதம் 60-இல் ஓடிக்கொண்டிருந்தது. மாற்றிக் கொடுத்ததும் அவர் மவுஸைச் சுற்றிச் சுற்றி நகர்த்திப் பார்த்த முகம் இன்னும் நினைவிருக்கிறது. அப்புறம் மானிட்டர் மெனுவிலும் கார்டின் மென்பொருளிலும் விஆர்ஆரை இயக்குங்கள். ஃப்ரேம் உச்சவரம்பை ரிஃப்ரெஷ் ரேட்டுக்கு மூன்று குறைவாக வையுங்கள், 144 என்றால் 141. அப்போதுதான் ஃப்ரேம் விஆர்ஆர் எல்லைக்குள்ளேயே இருக்கும். நிறங்கள் மிதமிஞ்சித் தெரிந்தால் மெனுவில் எஸ்ஆர்ஜிபி நிலையை (நிறங்களை வழக்கமான அளவுக்குள் வைப்பது) முயன்று பாருங்கள்.

அன்றிரவே விளக்கை அணைத்து, முழுத் திரையும் கறுப்பாக ஒரு படத்தை வைத்து மூலைகளில் ஒளிக் கசிவைப் பாருங்கள். பிறகு சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை ஒவ்வொன்றாக வைத்து இறந்த பிக்சல் இருக்கிறதா என்று தேடுங்கள். லேசான ஐபிஎஸ் ஒளி இயல்பு, தலையை நகர்த்தினால் அதுவும் நகரும். ஒரே இடத்தில் மஞ்சள் திட்டாக நிற்பது கசிவு. திருப்பிக் கொடுக்கும் நாட்கள் முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும், ஏனென்றால் ஓரிரு இறந்த பிக்சலைக் குறையாக ஏற்காத உத்தரவாதங்கள் நிறைய.

உங்கள் கேள்விக்குத் திரும்பினால், 1440பி சோதனையில் சண்டை கேம்கள் 120-க்கு மேலும் கதை கேம்கள் அப்ஸ்கேலிங்கோடு 60-க்கு மேலும் ஓடினால் மேலே சொன்ன 27 அங்குல ஐபிஎஸ்-ஐ எடுங்கள். 1440பி-யில் கார்டு மிகவும் திணறினால் 24 அங்குல 1080பி, 144 அல்லது 180 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ். அதிலும் 60-இலிருந்து வரும் மாற்றம் முழுசாகக் கிடைக்கும். பெரும்பாலும் இரவில்தான் விளையாடுகிறீர்கள், அந்தக் கணினியில் அலுவலக வேலை இல்லை, செலவு செய்யவும் தயார் என்றால் 27 அங்குல 1440பி ஓஎல்இடி. எதை எடுத்தாலும் பழைய மானிட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். பக்கத்தில் வைத்து அரட்டைக்கும் பிரவுசருக்கும் அதைப் பயன்படுத்தலாம். ஓஎல்இடி எடுத்திருந்தால், அசையாமல் நிற்கும் ஜன்னல்களை அங்கே ஒதுக்கிவிடுவது பர்ன்-இன்னையும் தள்ளிப்போடும்.